தூரப் பயணமும் காற்று மெத்தையும்

(திருகோணமலைக்கு யாத்திரை சென்ற நமது தோட்டத்துக் குடும்பங்களுக்கு, திரும்பும் நாளுக்கு முந்திய இரவு, தங்கியிருந்த மடத்தில் ஆற்றிய பேச்சு.)



சாப்பிட்டு முடித்துப் பாய் விரிக்கிற நேரத்தில் கூட்டம் வைக்கிறார்களே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். விடியற்காலையிலேயே எழுந்து கோணேசர் தரிசனம், பிறகு கன்னியா ஏழு கிணற்றுத் தண்ணீர், பின்னேரம் கடற்கரை என்று எல்லோரும் களைத்துப் போயிருக்கிறீர்கள். நாங்களும் களைத்துத்தான் இருக்கிறோம். ஆனால் நாளைக்குக் காலையில் புறப்பட வேண்டும். பஸ்ஸில் வந்தவர்களுக்கு டிரைவர் இருக்கிறார். மோட்டார் சைக்கிளில் வந்த ஆறு தம்பிமாருக்கும், அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவர்களுக்கும் இன்றைக்கே சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

முந்தாநாள் கந்தளாயில் நடந்ததை எல்லோரும் பார்க்கவில்லை. பஸ் வந்து சேர்வதற்கு முன்பே அது நடந்து முடிந்துவிட்டது. தேத்தண்ணிக் கடை முன்னால் நம்ம தம்பி ஒருவர் சைக்கிளை நிறுத்திக் காலைக் கீழே ஊன்றினார். ஊன்றிய கால் நிற்கவில்லை. அப்படியே மடங்கிக்கொண்டது. சைக்கிளும் அவரும் பின்னாலிருந்த அவருடைய அம்மாவும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டார்கள். அம்மாவுக்கு முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. அந்த நேரத்தில் பின்னால் ஒரு லொறி வந்திருந்தால் இன்றைக்கு நாம் கோயிலுக்குப் போயிருக்க மாட்டோம், ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றிருப்போம். தூக்கி விட்டு, “என்ன தம்பி நடந்தது?” என்று கேட்டோம். “காலு இருக்கிறதே தெரியலைங்க ஐயா. இடுப்புக்குக் கீழ செத்துப்போன மாதிரி இருக்குங்க” என்றார். அவர் குடிக்கவில்லை, வேகமாக வரவுமில்லை. தம்புள்ளையிலிருந்து இறங்காமல் உட்கார்ந்தே வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இது நமக்குப் புதிய சங்கடம். நம்ம ஆட்களுக்கும் திருகோணமலைக்கும் உறவு பழையது. 1977இலும் 1983இலும் கலவரத்தில் அடிபட்டு மலையை விட்டு இறங்கிய குடும்பங்களில் எத்தனையோ இந்த மாவட்டத்திலும் வன்னியிலும் குடியேறின. அப்போது வந்தவர்கள் பஸ்ஸிலும் லொறியிலும் ரயிலிலும் வந்தார்கள். பிறகு சண்டைக் காலம். சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி நடந்த காலத்தில் மோட்டார் சைக்கிளில் மலையிலிருந்து இங்கே வரலாம் என்று யாரும் நினைத்ததுகூட இல்லை. 2009க்குப் பிறகுதான் பாதை திறந்தது. அதற்குப் பிறகுதான் லயத்துக்கு லயம் மோட்டார் சைக்கிளும் வந்தது. இப்போது கலியாண வீடு, சாவு வீடு, தீபாவளி எதற்கும் பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். நுவரெலியாப் பக்கத்திலிருந்து இறம்பொடை, கம்பளை, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வந்தால் 250 கிலோமீற்றருக்கு மேல். தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போய்வருகிற அதே சீட்டில் உட்கார்ந்துதான் இந்தத் தூரமும் வருகிறார்கள்.

கால் ஏன் மரத்துப் போகிறது என்று முதலில் பார்ப்போம். நாம் உட்காரும்போது உடம்பின் பாரம் புட்டம் முழுவதிலும் சமமாக இறங்குவதில்லை. கையை அடியில் வைத்து உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு எலும்பு முனை குத்தும். பாரத்தில் பெரும்பகுதியை அந்த இரண்டு முனைகளும்தான் தாங்குகின்றன. எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவில் அகப்பட்ட சதையில் இரத்தம் ஓடுகிற சின்னக் குழாய்கள் நசுங்கிப்போகும், நரம்பும் நசுங்கும். வீட்டில் நாற்காலியில் இருந்தால் நமக்குத் தெரியாமலே அசைந்து கொடுக்கிறோம். சைக்கிளில் அப்படி அசைய முடியாது. அதோடு என்ஜின் அதிர்ச்சியும் பாதைப் பள்ளமும் சேர்கின்றன. புதிதாக இருக்கும்போது சீட்டுக்குள் இருக்கும் பஞ்சு நன்றாகத்தான் இருக்கும். வருடக்கணக்கில் அமுங்கினால் நடுவில் குழி விழுந்து, அதற்கப்பால் தகரத்தில் உட்காருகிற மாதிரிதான்.

இன்னொன்று, தம்பிமார் பின்பக்கப் பொக்கட்டில் பர்ஸ் வைக்கிறீர்களே, அடையாள அட்டை, லைசன், பாங்க் புத்தகம் என்று ஒரு செங்கல் அளவுக்கு! அதன் மேல் ஆறு மணித்தியாலம் உட்கார்ந்தால் ஒரு பக்கத்து நரம்பு நசுங்கித் தொடையிலிருந்து பாதம் வரை விறுவிறுக்கும். காற்று மெத்தை வாங்குவதற்கு முன்னால் அந்தப் பர்ஸை எடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

இனி மெத்தை விஷயத்துக்கு வருவோம். இந்த மாதிரி மெத்தையை நாங்கள் முதலில் கண்டது மோட்டார் சைக்கிளில் அல்ல, சக்கர நாற்காலியில். நிழல்மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட ஒரு தொழிலாளியின் வீட்டுக்கு நலன்புரி வேலையாகப் போயிருந்தோம். இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி கிடையாது. உணர்ச்சி இல்லாதவருக்கு வலிக்காது, வலிக்காததால் அசைய மாட்டார், அசையாததால் எலும்பு முனை இருக்கிற இடத்தில் சதை அழுகிப் புண்ணாகும். அந்தப் புண்ணால் உயிரே போகலாம். அவருடைய நாற்காலியில் கறுப்பு றப்பரில், முட்டை அட்டையைக் கவிழ்த்து வைத்த மாதிரி, வரிசை வரிசையாகக் குமிழ்கள் உள்ள ஒரு மெத்தை இருந்தது. ஒரு குமிழை அமுக்கினால் அதிலுள்ள காற்று பக்கத்துக் குமிழ்களுக்குப் போகிறது. எலும்பு அமுங்குகிற இடத்தில் காற்று விலகிக்கொடுத்து, மற்ற இடத்தில் உயர்ந்து தாங்குகிறது. தண்ணீரில் மிதக்கிற மாதிரி, பாரம் ஓரிடத்தில் நிற்காமல் பரவுகிறது.

இந்தக் குமிழ் மெத்தையைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த றொபர்ட் கிரேபி என்ற என்ஜினியர். 1970களில் சக்கர நாற்காலிக்காரருக்காகத்தான் அதைச் செய்தார். பிறகுதான் அதே முறையில் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கும் செய்யத் தொடங்கினார்கள். காற்றை றப்பருக்குள் அடைத்து மனுசனைச் சுமக்க வைக்கிற யோசனை அதைவிடப் பழையது. 1888இல் பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லொப் என்ற மிருக வைத்தியர் தன் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்று டயர் போட்டார். அதற்குப் பிறகுதான் உலகமெல்லாம் றப்பருக்கு ஓடியது. 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த கன்றுகளிலிருந்து இந்த நாட்டில் றப்பர் தோட்டங்கள் பெருகின. பால் வெட்டியது யார்? நம்ம ஆட்கள்தான். ஆகவே இது யாரோ வெள்ளைக்காரன் சொகுசுக்குச் செய்த சாமான் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

பின்னேரம் துறைமுகப் பக்கம் போன பிள்ளைகள் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். படகு வந்து கட்டுகிற இடத்தில் பழைய டயர்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். படகும் கல்லுச் சுவரும் நேருக்கு நேர் மோதினால் பலகை உடையும். நடுவில் விட்டுக்கொடுக்கிற ஒரு சாமான் இருந்தால் உடையாது. சீட்டுக்கும் எலும்புக்கும் நடுவில் காற்று மெத்தை செய்கிற வேலையும் அதுதான்.

ஆனால் இதைப் பாவிக்கத் தெரிய வேண்டும். நாங்கள் முதல்முறை வாங்கியபோது பந்து மாதிரி நிறைய ஊதினோம். காற்று மெத்தை என்றால் காற்று நிறைய இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும்தானே! கம்பளைக்கு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வளைவுக்கு வளைவு உடம்பு ஒரு பக்கம் போகிறது, சைக்கிள் ஒரு பக்கம் போகிறது. வாத்துமாதிரி ஆடிக்கொண்டு வந்தோம். வலியும் குறையவில்லை. கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, ஏமாந்துவிட்டோம் என்று கடைக்காரரைத் திட்டினோம். பிழை எங்களுடையது. நிறைய ஊதிய குமிழ் கல்லுமாதிரி. அதில் எலும்பு அமிழ்வதற்கு இடமில்லை.

சரியான முறை இதுதான். சைக்கிளை நடு ஸ்டாண்டில் போட்டு நிறுத்துங்கள். மெத்தையைக் கட்டி, கொஞ்சம் கூடுதலாகவே ஊதுங்கள். ஓட்டுகிற மாதிரியே ஏறி உட்கார்ந்து, கை ஹேண்டிலில், கால் மிதியில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வால்வைத் திறந்து மெதுவாகக் காற்றை விட்டுக்கொண்டே வாருங்கள். உடம்பு இறங்கிக்கொண்டே வரும். எலும்பு அடிச் சீட்டில் தொடப்போகிறது என்று தெரிகிற இடத்தில் நிறுத்தி, ஒரு வாய்க் காற்று மட்டும் திரும்ப ஊதி மூடுங்கள். எலும்புக்கும் அடிச் சீட்டுக்கும் நடுவில் ஒரு விரல் கனம் இருந்தால் போதும். இடம் வலம் ஆடிப் பாருங்கள். ஏதாவது ஒரு பக்கம் சீட்டில் இடித்தால் இன்னும் அரை வாய். வெளியே நின்று பார்க்கிறவருக்கு, ‘இதில் காற்றே இல்லையே, சூம்பிப் போயிருக்கிறதே’ என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றினால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்ததாகச் சொல்லப்போவது மலைநாட்டுக்காரர்களான நமக்கென்றே உள்ள விஷயம். மெத்தையோடு வருகிற துண்டுக் கடதாசியில் நாங்கள் இதைக் காணவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கண்டியிலோ கொழும்பிலோ கட்டின பிஸ்கட் பக்கட், முறுக்குப் பக்கட் நுவரெலியாக் கடையில் உப்பிப்போய்த் தொங்குகிறதே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1013 மில்லிபார். 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் அது 800 சொச்சம்தான். வெளியே அமுக்குகிற காற்று குறைந்தால் உள்ளே அடைபட்ட காற்று விரியும். பக்கட்டுக்கு நடப்பது மெத்தைக்கும் நடக்கும்.

தோட்டத்திலே சரிபார்த்துக் கட்டிய மெத்தை இங்கே இறங்கிவரும்போது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கப் பார்க்கும். இங்குள்ள வெயில் சூட்டில் காற்று கொஞ்சம் விரிவதால் அதில் ஒரு பகுதி ஈடாகும், முழுவதும் ஈடாகாது. ஹபரணை தாண்டியதும் சீட்டு இடிக்கத் தொடங்கினால் மெத்தை ஓட்டையாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். இரண்டு வாய் ஊதுங்கள், சரியாகிவிடும். நாளைக்குத் திரும்பும்போது நடக்கப்போவது இதற்கு எதிர்மாறானது. இங்கே சரிபார்த்த மெத்தை மேலே ஏற ஏற உப்பும். கண்டி வரையில் பெரிதாகத் தெரியாது. கம்பளை தாண்டிப் புசல்லாவை, இறம்பொடை என்று ஏறும்போதுதான் தெரியும். நல்ல வளைவு, மழை, மூடுபனி, ஒரு பக்கம் பள்ளம், அந்த இடத்தில் பார்த்து மெத்தை பந்தாகி ஆளை ஆட்டும். ஆகையால் கம்பளையில் இறங்கித் தேத்தண்ணி குடிக்கும்போது வால்வைத் திறந்து கொஞ்சம் காற்று விடுங்கள். இறம்பொடையில் இன்னொருமுறை பாருங்கள்.

பஸ்ஸில் வந்த பெரியவர் ஒருவர் நேற்று, “இதெல்லாம் எதுக்குங்க? லொறி டியூப்ல கொஞ்சம் காத்தடிச்சு உட்கார்ந்தா ஆகாதா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. விலையும் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வளையம் போல இருக்கிற டியூபில் உட்கார்ந்தால், நடுவில் உள்ள ஓட்டைக்குள் சதை இறங்கி, சுற்றியுள்ள விளிம்பு இறுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அழுத்தப் புண்ணுக்கு முன்பு வளையம் வைத்தவர்கள் உண்டு, இப்போது வேண்டாம் என்றே சொல்கிறார்கள். கடற்கரையில் விற்கிற ஒரே பை காற்றுத் தலையணையும் உதவாது. ஒரு பக்கம் சாய்ந்தால் காற்று முழுவதும் ஒரேயடியாக மற்றப் பக்கம் ஓடி ஆளைத் தள்ளிவிடும். குமிழ் குமிழாகப் பிரித்து, சின்னத் துவாரத்தால் இணைத்திருப்பது அந்தக் காரணத்துக்காகவே. வாங்க வசதியில்லாதவர்கள் சீட் தைக்கிற இடத்தில் கொடுத்துக் குழி விழுந்த பஞ்சை மாற்றிக் கனமான பஞ்சு போட்டுக்கொள்ளுங்கள். பாதி வலி அதிலேயே போய்விடும். நாலு பேர் சேர்ந்து ஒரு மெத்தை வாங்கித் தூரப் பயணம் போகிறவர் எடுத்துப்போவதென்றாலும் நல்லதுதான். மாதம் முழுவதும் டவுனுக்குப் போய்வர அது தேவையில்லை.

கட்டுகிற வாரைக் கவனமாகக் கட்டுங்கள். நுனி தொங்கினால் செயினில் மாட்டும், சைலன்சரில் பட்டால் உருகும். மெத்தை வைத்தால் சீட்டு சற்று உயரும். கட்டையான ஆட்கள் கால் எட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். கோயில் வெயிலில் நிறுத்தும்போது துணி போட்டு மூடுங்கள். கறுப்பு றப்பர் சூடேறிக் காற்று விரியும், உட்கார்ந்தால் தொடையும் வேகும். முள் குத்திப் பஞ்சரானால் சவர்க்காரத் தண்ணி தடவி ஓட்டையைக் கண்டுபிடிக்கலாம். ஒட்டுவதற்கு அந்தந்த மெத்தைக்கு உரிய ஒட்டுத்துண்டையே வாங்குங்கள்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. சேலை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்து வருகிறவர்கள் காற்று மெத்தை பாவிக்க வேண்டாம். பாரம் ஒரே பக்கம் இறங்குவதால் அது வழுக்கிவிடும். முந்தாநாள் விழுந்த அம்மாவும் அப்படித்தான் உட்கார்ந்து வந்தார். தூரப் பயணமென்றால் சுரிதார் உடுத்திக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள். ‘வயசான காலத்தில் சுரிதாரா’ என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. அதற்கும் மனமில்லை என்றால் நாளைக்குப் பஸ்ஸில் வாருங்கள். இடம் இருக்கிறது, பின் சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். பார்த்துவிட்டோம்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்ல எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது. மெத்தையைச் சரியாகப் பாவிக்கப் பழகிய பிறகு இதே பாதையில் நாங்கள் வந்தோம். புட்டம் வலிக்கவில்லை, கால் மரக்கவில்லை. முன்பெல்லாம் வலி தாங்காமல் மணிக்கொரு தரம் இறங்குவோம். இந்தமுறை வலிக்காததால் இறங்கவில்லை. தம்புள்ளையில் நிற்கவில்லை, ஹபரணையில் நிற்கவில்லை. ஹபரணையிலிருந்து இந்தப் பக்கம் பாதை நேரானது, இரண்டு பக்கமும் காடு. பகல் வெயிலில் அனல் வீசுகிறது, காதில் என்ஜின் இரைச்சல். அக்போபுரப் பக்கம் வரும்போது ஒரு கணம் கண் மூடியிருக்கிறது. விழித்துப் பார்த்தால் முன்சக்கரம் தார் றோட்டை விட்டு இறங்கிச் சரளைக் கல்லில் ஓடுகிறது. எப்படி நிறுத்தினோம் என்று இன்றைக்கும் தெரியாது. இறங்கி மரத்தடியில் உட்கார்ந்தபோது கை நடுங்கியது. வீட்டில் மூன்று பிள்ளைகள். வலி இருந்த காலத்தில் அந்த வலிதான் எங்களை இறக்கி, தண்ணீர் குடிக்கவைத்து, முகம் கழுவவைத்து அனுப்பியது. அதை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வேறொன்றும் வைக்காமல் வந்துவிட்டோம்.

அதனால் நாளைக்கு வலித்தாலும் வலிக்காவிட்டாலும், மெத்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆறு சைக்கிளும் ஒன்றாகப் போய் ஒன்றாக நிற்க வேண்டும். விடிந்து நல்ல வெளிச்சம் வந்த பிறகே புறப்படுவோம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில் இருட்டோடும் அந்தியிலும் யானை றோட்டுக்கு வரும். நிற்கிற இடங்கள் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, பேராதனை, கம்பளை, இறம்பொடை. ஒவ்வோரிடத்திலும் பத்து நிமிடமாவது நடங்கள், தண்ணீர் குடியுங்கள். தம்புள்ளையில் சாப்பிட்டதும் அரை மணி படுங்கள். யாருக்காவது தூக்கம் வந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், எல்லோரும் நிற்போம். நிறுத்தும்போது காலை ஊன்றுவதற்கு முன்னால் பாதத்தை மிதியில் இரண்டுதரம் அழுத்திப் பாருங்கள். உணர்ச்சி இல்லையென்றால் மெதுவாக ஓரமாகப் போய்ப் பின்னாலிருப்பவரை முதலில் இறக்குங்கள்.

மழைநாளில் நம்ம மலையில் விழுகிற தண்ணீர் கொத்மலை ஓயாவில் சேர்ந்து, மகாவலியாகி, 335 கிலோமீற்றர் சுற்றிவந்து இங்கே கொட்டியாரக் குடாவில்தான் கடலில் விழுகிறது என்று பகலில் பிள்ளைகளுக்குச் சொன்னோம். அது இறங்கி வந்தால் திரும்பி ஏற வேண்டியதில்லை. நாம் ஏற வேண்டும், லயத்தில் ஆட்கள் விளக்கை வைத்துக்கொண்டு பார்த்திருப்பார்கள்.

எங்களுடைய மெத்தையை வாசலில் உள்ள சைக்கிளில் கட்டி வைத்திருக்கிறோம். கந்தளாயில் விழுந்த தம்பி முதலில் வந்து ஏறட்டும், நாளைக்கு அது அவருக்குத்தான். மற்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து காற்றை விட்டுப் பாருங்கள். டோர்ச் லைட் யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள், வாசல் பல்ப் எரியவில்லை.